பள்ளி வாசலில் உதிரும் ஓக் காய்கள்: நட்ஸ் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஆபத்தா?

2012ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கனடாவின் டொரோண்டோவுக்கு வடக்கே இருக்கும் வாஹன் நகரசபைக்கு ஒரு கோரிக்கை வந்தது. பள்ளி ஒன்றின் அருகே நிற்கும் ஓக் மரங்களை அகற்ற வேண்டும் என்று மாணவர் ஒருவரின் தாய் கேட்டார். அவற்றிலிருந்து உதிரும் காய்கள் நட்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்பது அவருடைய வாதம். அந்தக் காய்களை வைத்து மற்ற மாணவர்கள் இவர்களை மிரட்டக்கூடும் என்றும் அவர் அஞ்சினார். செய்தி பரவியதும் கேலி கிளம்பியது. அதே நோயோடு வாழும் குழந்தைகளின் பெற்றோர் பலருக்கோ அந்தத் தாயின் கலக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஓக் மரங்கள் காய் உதிர்க்கும் நாடுகளிலெல்லாம் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. டொரோண்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தெருவோரத்துக் கேள்விதான். முதலில் விடையைச் சொல்லிவிடலாம். தரையில் கிடக்கும் ஓக் காய், நட்ஸ் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஏற்படுத்தும் ஆபத்து மிக மிகச் சிறியது. அதற்காக மரத்தை வெட்டுவது தேவையற்றது. அது பெற்றோரின் கவனத்தை உண்மையான ஆபத்திலிருந்து திருப்பியும் விடும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒவ்வாமை என்பது எதற்கு?

நம் நோயெதிர்ப்பு மண்டலம் கிருமிகளை எதிர்ப்பதற்காக உருவானது. சிலருடைய உடல், உணவிலுள்ள தீங்கற்ற ஒரு புரதத்தையும் பகையாகக் கருதி, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இந்த எதிர்ப்பொருள்கள் தோல், மூச்சுப்பாதை, குடல் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் அமர்ந்து காத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் உள்ளே நுழைந்தால், அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை அதனால் வருபவை.

இந்த எதிர்வினை உடல் முழுவதும் வேகமாகப் பரவி மூச்சையோ இரத்த அழுத்தத்தையோ தாக்கும் நிலைக்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர். உயிரைப் பறிக்கக்கூடியது இதுதான்.

இதில் இரண்டு செய்திகளை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிதாகிவிடும்.

1. உடல் எதிர்ப்பது குறிப்பிட்ட சில புரதங்களை மட்டுமே. முந்திரியிலும் நிலக்கடலையிலும் உள்ள கொழுப்போ நாரோ அதற்குப் பொருட்டல்ல. 'கொட்டை' என்ற வகைப்பாடும் அதற்குத் தெரியாது.

2. அந்தப் புரதம் போதிய அளவில், சரியான வழியில் உள்ளே போக வேண்டும். வாய்வழியே உட்கொள்வதே முதன்மையான வழி.

கொட்டை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல

தாவரவியல் கணக்குப்படி ஓக் காய் அசல் கொட்டை: கடினமான ஓடு, உள்ளே ஒற்றை விதை, தானாக வெடிக்காத உறை. ஹேசல்நட்டும் அப்படியே. ஆனால் ஒவ்வாமை மருத்துவர் 'நட்ஸ்' என்று சொல்லும் பட்டியலில் தாவரவியல் கொட்டைகள் சிலவே. வாதாம் ரோஜாக் குடும்பத்து மரத்தின் விதை. முந்திரியும் பிஸ்தாவும் மாமரத்தின் குடும்பம். பிரேசில் நட், மக்கடேமியா ஆகியவை வேறு வேறு குடும்பங்கள். நிலக்கடலையோ துவரை, உளுந்து, கொண்டைக்கடலையின் இனம்.

'கொட்டைதானே, அப்படியானால் ஆபத்துதானே' என்ற எண்ணம் தவறிப்போவது இந்த இடத்தில்தான். ஒரு பொருளின் புரதத்துக்குப் பழகிய எதிர்ப்பொருள், வேறொரு பொருளின் ஒத்த புரதத்தையும் பிடித்துக்கொள்வதைக் குறுக்கு ஒவ்வாமை என்பார்கள். அது எங்கே நிகழும் என்பதைத் தாவர உறவு ஓரளவுக்குத்தான் காட்டும்.

முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் விதைச் சேமிப்புப் புரதங்களும் அவ்வளவு ஒற்றுமை உடையவை. வால்நட்டும் பீக்கனும் அதே போன்ற இணை. ஆனால் முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் அதே குடும்பத்து மாம்பழத்தைச் சிக்கலின்றிச் சாப்பிடுகிறார்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் சாம்பாரும் இட்லியும் உண்கிறார்கள், துவரையும் உளுந்தும் நிலக்கடலைக்கு உறவாக இருந்தும்கூட.

தேங்காயின் கதை இதைவிடத் தெளிவானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல ஆண்டுகளாகத் தேங்காயை 'நட்ஸ்' பட்டியலில் வைத்திருந்தது. அதனால் நட்ஸ் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் பலருக்குத் தேங்காயும் தேவையின்றி மறுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அந்த நிர்வாகமே தேங்காயைப் பட்டியலிலிருந்து நீக்கியது. தேங்காய்க்கென்றே ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. அது தனி ஒவ்வாமை. வாதாம் ஒவ்வாமை இருப்பதால் வருவது அல்ல.

இனி ஓக் மரத்துக்கு வருவோம். ஏறத்தாழ 500 இனங்கள் கொண்ட ஓக், செஸ்ட்நட்டும் பீச் மரமும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. ஹேசல்நட்டும் வால்நட்டும் அதற்குச் சற்றுத் தொலைவான உறவு. தாவர வகைப்பாட்டில் குடும்பத்துக்கு மேல்நிலையான வரிசை ஒன்று, குடும்பம் வேறு. எனவே ஹேசல்நட் ஒவ்வாமை உள்ள ஒருவரின் எதிர்ப்பொருள் ஓக் காயின் ஏதோ ஒரு புரதத்தை அடையாளம் காண்பது கொள்கையளவில் முடியாததல்ல. நிலக்கடலை, முந்திரி, வாதாம் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த உறவுகூட இல்லை. கனடா அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய கொட்டைகளின் பட்டியலை வைத்திருக்கின்றன. இரண்டிலும் ஓக் காய் கிடையாது.

ஓக் காயைச் சாப்பிட்டு யாருக்காவது ஒவ்வாமை வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு 'ஆபத்தே இல்லை' என்று சொல்வது நேர்மையாகாது. 1998இல் ஸ்பெயின் மருத்துவர்கள், அந்நாட்டில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் காயைத் தின்ற பின் வந்த அனஃபிலாக்சிஸ் குறித்து மருத்துவ இதழில் எழுதினார்கள். 2005இல் ஓக் காய், செஸ்ட்நட் இரண்டையும் பற்றிய இன்னோர் அறிக்கை வெளியானது. இவை தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள். மருத்துவ இதழ்களில் இடம் பெறும் அளவுக்கு அவை அரிது என்பது ஒரு செய்தி. இந்தப் பதிவுகளில் காய் உண்ணப்பட்டது என்பது அதைவிட முக்கியமான செய்தி. காலடியில் கிடந்ததால் வந்ததல்ல.

ஸ்பெயினில் இது பதிவானது வியப்பில்லை. அங்கே சில ஓக் மரங்களின் காய் இனிப்பானது, மனிதரும் தின்பார்கள். புகழ்பெற்ற ஐபீரியப் பன்றிகளை மேய்த்துக் கொழுக்க வைப்பதும் அதே காய்களில்தான். கொரியாவில் ஓக் காய் மாவிலிருந்து 'டோட்டோரிமுக்' என்ற கூழ்க்கட்டி செய்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பழங்குடி மக்களுக்கு அது நூற்றாண்டுகளாக முதன்மை உணவாக இருந்தது. காயை இடித்து, மாவைத் தண்ணீரில் மீண்டும் மீண்டும் கழுவிக் கசப்பை வெளியேற்றி, பிறகே சமைத்தார்கள்.

அந்தக் கசப்பும் துவர்ப்பும் டானின் என்ற பொருளால் வருபவை. வட அமெரிக்கத் தெருக்களில் நிற்கும் ஓக் மரங்கள் பலவற்றின் காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் துவர்த்து உடனே துப்பத் தோன்றும். ஓக் மரத்தின் துவர்ப்பு நமக்கும் பழக்கமானதுதான். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான மாசிக்காய், ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் சிறு குளவி முட்டையிடுவதால் புடைத்து எழும் முடிச்சு. அது விதை அல்ல. அதிலிருப்பது பெரும்பாலும் டானின்.

தரையிலிருந்து குழந்தை வரை: எத்தனை படிகள் தாண்ட வேண்டும்?

பள்ளி வாசலில் விழுந்து கிடக்கும் ஒரு காய் கடுமையான ஒவ்வாமையைத் தூண்ட வேண்டுமானால், கீழ்க்கண்டவை எல்லாம் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

1. அந்தக் குழந்தையின் உடல் ஓக் காயின் புரதத்துக்கே ஐஜிஇ தயாரித்திருக்க வேண்டும், அல்லது வேறொரு கொட்டையின் எதிர்ப்பொருள் ஓக் புரதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நட்ஸ் ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகள் இந்த முதல் படியிலேயே விலகிவிடுவார்கள்.

2. ஓடு உடைய வேண்டும். புரதம் உள்ளே விதையில் இருக்கிறது. வெளியே இருப்பது வழவழப்பான, உலர்ந்த ஓடும் தொப்பி போன்ற கிண்ணமும். முழுக் காயைக் கையில் எடுத்தால் விதையைத் தொட்டதாக ஆகாது.

3. உடைந்த விதையின் துகள் வாய்க்குள் போக வேண்டும். காலில் மிதிபட்ட காய் ஈர மண்ணோடு சேர்ந்து கூழாகும். அது நறுமணம் போல் காற்றில் மிதப்பதில்லை.

4. போன துகள், எதிர்வினையைத் தூண்டும் அளவுக்கு இருக்க வேண்டும்.

ஓக் காயைத் தொட வைத்துக் குழந்தைகளைச் சோதித்த பெரிய ஆய்வை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதைவிடப் பலமடங்கு ஆபத்தான நிலக்கடலையை வைத்து அத்தகைய சோதனை நடந்திருக்கிறது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் கடும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தோலில் கடலை வெண்ணெயை ஒரு நிமிடம் ஒட்டி வைத்தார்கள். முகத்தருகே 10 நிமிடம் அதை முகரவும் வைத்தார்கள். 2003இல் வெளியான முடிவு இது: சிலருக்குத் தொட்ட இடத்தில் சிவப்பும் அரிப்பும் தடிப்பும் வந்தன. ஒருவருக்குக்கூட உடல் முழுவதும் பரவும் எதிர்வினையோ மூச்சுத்திணறலோ வரவில்லை. அங்கே தோலில் பட்டது ஓடில்லாத, அரைத்த, புரதம் நிறைந்த கடலை. இங்கே கிடப்பது ஓடு மூடிய, உறவு தொலைவான ஒரு காய்.

அளவைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2017இல் வெளியானது. அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 378 குழந்தைகளுக்கு 1.5 மில்லிகிராம் கடலைப் புரதம் மருத்துவமனையில் உண்ணக் கொடுக்கப்பட்டது. இது ஒரு கடலையில் உள்ள புரதத்தில் நூறில் ஒரு பங்கு அளவே. 8 பேருக்கு மட்டும் லேசான எதிர்வினை வந்தது. இதை வைத்து வீட்டில் யாரும் பரிசோதிக்கக் கூடாது; மருந்தும் மருத்துவரும் பக்கத்தில் இருந்த சூழலில் நடந்தது அது. ஆனால் மிகச் சிறு துகள்கூடக் கட்டாயம் கொல்லும் என்ற அச்சம் பெரும்பாலானோருக்குப் பொருந்தாது என்பதை அது காட்டுகிறது.

கை வாய்க்குப் போகும் வழியை அடைப்பதும் எளிது. பள்ளிகளில் கடலைப் புரதம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தேடிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2004இல் கண்டது: சோப்பும் தண்ணீரும், துடைக்கும் ஈரத் தாள்களும் கையிலிருந்து புரதத்தை நீக்கிவிட்டன. வெறும் தண்ணீரும் கிருமிநாசினித் திரவமும் சிலருடைய கையில் மிச்சம் வைத்தன. கிருமியைக் கொல்லும் திரவம் புரதத்தைக் கழுவாது. இது பெற்றோரில் பலர் கவனிக்காத செய்தி.

தோலில் பட்டு ஒரு மாணவன் இறந்தானே?

இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. 2017இல் மேற்கு லண்டனில் ஒரு பள்ளியில், பால் பொருள்களுக்குக் கடும் ஒவ்வாமை உள்ள 13 வயது மாணவன் மேல் இன்னொரு மாணவன் பாலாடைக்கட்டித் துண்டை எறிந்தான். அது கழுத்தில் பட்டது. சிறுவன் நிலைகுலைந்து, சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தான்.

தோல்வழித் தொடுகையால் இப்படி நேர்வது மிக மிக அசாதாரணமானது என்று விசாரணையில் மருத்துவ நிபுணர்கள் சொன்னார்கள். அந்தச் சிறுவனுக்குக் கடும் ஆஸ்துமாவும் எக்சிமா என்ற தோலழற்சியும் இருந்தன. எக்சிமா உள்ள தோலில் தடுப்புச் சுவர் பலவீனமாக இருக்கும். புரதம் நுழைய வழி கிடைக்கும். ஆஸ்துமா, எந்த அனஃபிலாக்சிஸையும் மோசமாக்கும் காரணி. பள்ளியிலிருந்த அவனுடைய அவசர மருந்தான அட்ரினலின் ஊசியோ காலாவதியாகியிருந்தது.

இதிலிருந்து ஓக் மரத்தை வெட்ட வேண்டும் என்ற முடிவுக்குப் போக முடியாது. அங்கே பட்டது அவனுடைய உடலே பகையாகக் கருதும் பால் புரதம். எறிந்தது இன்னொரு மாணவனின் கை. மருந்து காலம் கடந்து கிடந்ததைக் கவனிக்க யாரும் இல்லை. ஆபத்து இருந்த இடங்கள் இவை மூன்றுமே.

வாஹன் தாயின் வாதத்தில் ஒரு பாதி சரி

காய்களை வைத்து மிரட்டுவார்கள் என்று அவர் சொன்னதைப் பலர் நகைப்புக்கு உரியதாக்கினார்கள். என் கணிப்பில் அவருடைய வாதத்தில் வலுவான பகுதி அதுதான். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் பெரியவர்களுமாக 353 பேர் பற்றி அமெரிக்காவில் எடுக்கப்பட்டு 2010இல் வெளியான கணக்கெடுப்பில், ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அந்த ஒவ்வாமையின் காரணமாகவே கேலிக்கோ கொடுமைக்கோ ஆளானதாகத் தெரிவித்தார்கள். அப்படி ஆளானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் மேல் ஒவ்வாத பொருளைத் தொட வைத்தது, எறிந்தது, முகத்துக்கு நேரே ஆட்டியது போன்றவற்றைச் சொன்னார்கள்.

ஓக் காய் அந்தக் குழந்தைக்கு மருத்துவ ரீதியாக ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் 'இது நட், உன்னைக் கொல்லும்' என்று சொல்லிக் காயை எறியும் வகுப்புத் தோழன் நாளை கடலை மிட்டாயை எறியமாட்டான் என்பதற்கு உறுதி இல்லை. மரத்தை அகற்றினால் அவன் கையிலிருக்கும் பொருள் மாறும், அவ்வளவே. பள்ளி தலையிட வேண்டியது அந்த மாணவனிடம். 'விளையாட்டுக்குச் செய்தான்' என்று விட்டுவிடும் ஆசிரியர், ஒவ்வாமை உள்ள குழந்தையின் பாதுகாப்பில் ஓட்டை போடுகிறார்.

ஓக் மரத்தின் மெய்யான தொல்லைகள்

இவை ஒவ்வாமையைச் சாராதவை என்பதால் சுருக்கமாக.

1. ஓக் காய் மூச்சுக்குழலை அடைக்கும் பருமன் உடையது. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதைப் பெருக்கி எடுக்க இது நல்ல காரணம்.

2. சில ஆண்டுகளில் மரங்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு காய்க்கும். அப்போது நடைபாதை வழுக்கும்.

3. பச்சையாக நிறையத் தின்றால் டானின் வயிற்றைக் கெடுக்கும். மாடும் குதிரையும் இதனால் கடுமையாக நோயுற்றதுண்டு.

4. வசந்தத்தில் ஓக் மகரந்தம் மூக்கொழுகலையும் ஆஸ்துமாவையும் தூண்டும். அது காற்றில் நெடுந்தொலைவு பறப்பது. பள்ளி வாசலின் மரத்தை வெட்டினாலும் ஊரின் மற்ற மரங்களிலிருந்து வந்து சேரும்.

தடையா, தயாரிப்பா?

ஒன்டாரியோ மாகாணம் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2003இல் பள்ளி உணவகத்தில் வாங்கிய பொரித்த உருளைக்கிழங்கில் பால் பொருள் கலந்திருந்ததால் 13 வயது மாணவி ஒருவர் இறந்தார். அவர் பெயரால் வந்த 'சப்ரினா சட்டம்' 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனஃபிலாக்சிஸ் ஆபத்துள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் வேண்டும், ஊழியர்களுக்குத் தவறாத பயிற்சி வேண்டும், அவசர நேரத்தில் முன் அனுமதி இல்லாவிட்டாலும் ஊழியர் மருந்து செலுத்தலாம் என்று அது வகுத்தது. வாஹன் பள்ளிகளும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் ஆள்களைத் தயார்ப்படுத்துவதில் நம்பிக்கை வைக்கிறது என்பது. அந்த நம்பிக்கைக்கு ஆய்விலும் ஆதரவு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணப் பள்ளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு, நிலக்கடலையை முழுதாகத் தடை செய்த பள்ளிகளில் அட்ரினலின் ஊசி போட வேண்டி வந்த நிகழ்வுகள் குறையவில்லை என்றது. கடலை இல்லாத தனி உணவு மேசை வைத்த பள்ளிகளில் அவை குறைவாக இருந்தன. 2021இல் பன்னாட்டு நிபுணர் குழு வெளியிட்ட வழிகாட்டுதலும் அதே திசையில் சென்றது. பயிற்சி கொடுங்கள், பள்ளியிலேயே பொதுவான அட்ரினலின் இருப்பு வையுங்கள், பள்ளி முழுவதற்குமான உணவுத் தடையை மட்டும் நம்பாதீர்கள் என்பது அதன் சாரம்.

தடை தரும் நிம்மதியில் ஒரு கேடு உண்டு. 'இங்கே நட்ஸ் இல்லை' என்று நம்பும் ஆசிரியர், ஒரு குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதை இருமல் என்று நினைப்பார். வாசலில் ஓக் மரம் இல்லை என்ற நிம்மதியும் அந்த வகையைச் சேர்ந்ததே.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபத்து எங்கிருந்து வரும்?

ஓக் காய்கள் உதிரும் அதே அக்டோபர், நவம்பரில்தான் தீபாவளியும் வருகிறது. கத்லியில் முந்திரி, அல்வாவில் வாதாம், பாயசத்தில் பிஸ்தாத் தூவல், மிக்சரில் நிலக்கடலை. புலம்பெயர்ந்த வீடுகளிலிருந்து பள்ளிக்கும் அண்டை வீட்டுக்கும் போகும் இனிப்புப் பெட்டிக்கு அருகே வைத்துப் பார்த்தால் ஓக் மரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரே கரண்டியால் எல்லா இனிப்பையும் எடுத்து வைக்கும் கடையில், முந்திரி சேராத மைசூர்பாகும் பாதுகாப்பானதல்ல.

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு இதை விளங்கவைப்பது கடினமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பன்னாட்டு ஆய்வு ஒன்று இந்தியாவில், கர்நாடகத்தில், பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, உணவு ஒவ்வாமை 0.14 சதவீதம் பேருக்கே இருப்பதாகக் கண்டது. கனடாவில் நிலக்கடலை ஒவ்வாமை மட்டுமே நூறு குழந்தைகளில் ஏறத்தாழ இருவருக்கு. 'நம் ஊரில் யாருக்கும் இப்படி வந்ததில்லையே, ஒரு வாய் தின்றால் என்ன' என்று பெரியவர்கள் கேட்பது அவர்கள் கண்டு வளர்ந்த உலகின் அடிப்படையில். கோபப்படாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டியது பெற்றோரின் வேலை.

இலையுதிர் காலத்துக்கே உரிய இன்னொரு பொறியும் இருக்கிறது. வட அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் பைன் கூம்பின் மேல் கடலை வெண்ணெய் தடவி, விதைகளை ஒட்டி, பறவைகளுக்குத் தீனியாகத் தொங்கவிடும் கைவினைப் பயிற்சி பரவலானது. கடைகளில் விற்கும் பறவைத் தீனிப் பொட்டலங்கள் பலவற்றிலும் நிலக்கடலை உண்டு. ஓக் காயைப் பற்றிப் பள்ளிக்கு எழுத நினைக்கும் பெற்றோர், அந்தக் கடிதத்தில் இதைக் கேட்கலாம். கடலை வெண்ணெய்க்குப் பதில் வேறு பசை போதும், ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஹேசல்நட், வால்நட் அல்லது செஸ்ட்நட் ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர், ஓக் காய் பற்றி ஐயம் இருந்தால் ஒவ்வாமை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்பதே வழி. இரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ தெரிவதால் மட்டும் ஒவ்வாமை உறுதியாகாது. ஒன்றும் நேராமல் அந்தப் பொருளைத் தின்றுகொண்டிருக்கும் பலருக்கும் பரிசோதனை அப்படிக் காட்டும். மருத்துவர் குழந்தையின் கடந்த கால எதிர்வினைகளோடு சேர்த்துத்தான் அதைப் படிப்பார். அதுவரை கொரியக் கடைகளில் விற்கும் ஓக் மாவுப் பண்டங்களைத் தவிர்த்தால் போதும். பூங்காவில் காய் பொறுக்குவதைத் தடுக்கத் தேவையில்லை. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யலாம்.

ஆபத்து நேர்ந்தால்

எந்தப் பொருளால் வந்தாலும் அனஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். அரிப்பு மாத்திரையும் சிரப்பும் தடிப்பைக் குறைக்கும்; மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காக்காது. முறை இது:

1. மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தடிப்போடு சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியைச் செலுத்த வேண்டும். ஆடைக்கு மேலேயே செலுத்தலாம். தெரிந்த ஒவ்வாத பொருளைத் தின்ற பின் மூச்சுத்திணறலோ மயக்கமோ மட்டும் வந்தாலும், தடிப்பு இல்லையே என்று தயங்கக் கூடாது.

2. உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

3. குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்கார்ந்த நிலை. எழுந்து நடக்க விடக் கூடாது.

4. 5 முதல் 15 நிமிடத்துக்குள் முன்னேற்றம் இல்லாவிட்டால் இரண்டாவது ஊசி.

5. தேறிவிட்டது போலத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து எதிர்வினை மீண்டும் கிளம்புவது உண்டு.

தானே குத்தும் ஊசிப் பேனாக்கள் பொதுவாக 0.15, 0.3 மில்லிகிராம் என்ற அளவுகளில் வருகின்றன. குழந்தையின் எடை கூடும்போது அளவு மாற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ செல்வோர் இரண்டு பேனாக்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது; இந்தியாவில் அவை எளிதாகக் கிடைப்பதில்லை. பனிக்காலத்தில் காரிலோ கோடையில் வெயில் படும் பையிலோ அவற்றை விட்டுவைக்கக் கூடாது. பேனாவிலுள்ள சிறு சாளரத்தின் வழியே தெரியும் மருந்து பழுப்பாகவோ கலங்கியோ இருந்தாலும், பேனாவில் அச்சிட்ட தேதி கடந்திருந்தாலும் புதியது வாங்க வேண்டும். வகுப்பாசிரியரிடம் கொடுத்து வைத்திருக்கும் பேனாவின் தேதியையும் பள்ளி திறக்கும் செப்டம்பரிலேயே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.